கண்ணொத்தி ஆன்ட்டியும் கால் பெயின்டிங்கும்

டெக்ஸாஸின் ஆலன் ஊரில் ஃப்ரீவே எக்ஸிட்டைத் தவறவிடாத ஆள்கூடக் கிடைப்பார். கண்ணொத்தி ஆன்ட்டியால் குழம்பாத ஆள் கிடைக்கவே மாட்டார். குழம்பியவர்களில் நானும் ஒருவன். முதல் இடம் எங்கள் டேகேர் டைரக்டர் மிஸ் கரோல் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு.

இது 2006-இல். காலேஜை முதல் செமஸ்டரோடு கைகழுவிவிட்டு அந்த டேகேரில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி அங்கே மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு உதவி டீச்சர். தூத்துக்குடிக்காரர். கழுத்தில் சிலுவை, ஹேண்ட்பேகில் ஜெபமாலை. கிரீன் கார்டு வரும்வரை வேலைக்குப் போக முடியாமல், வருஷக்கணக்காக அபார்ட்மென்ட் ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர். எந்தக் கார் யாருடையது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று போலீஸுக்கே பாடம் எடுப்பார். கார்டு வந்ததும் கிடைத்த முதல் வேலை இது. அதுவும் ட்ரயல்தான்.

காலில் பேப்பர் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம்மில் பலருக்கு உள்ள பழக்கம். ஆன்ட்டிக்கு அது வியாதி. பாடப்புத்தகம் என்றில்லை, பீட்சா கடை நோட்டீஸ் பட்டாலும் ஒற்றிக்கொள்வார். கண்ணொத்தி என்று பெயர் வைத்தது நான்தான்.

அந்த கிளாஸில் தரை முழுக்கப் பேப்பர். கிரையான் கிறுக்கல், பாதி உருளைக்கிழங்கைப் பெயின்டில் முக்கிக் குத்திய அச்சு, பஞ்சு ஒட்டிய ஆடு என்று எல்லாம் அங்கேதான் காயும். பிள்ளைகள் மிதிக்கும். ஆன்ட்டி விடுவாரா? ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து ஒற்ற வைத்தார். ஒரே மாதத்தில் மொத்த கிளாஸும் தேறிவிட்டது. சாயங்காலம் வேனில் ஏறும்போது பாதிப் பேருக்கு இமையில் நீலம், மீதிப் பேருக்கு ஆரஞ்சு.

டைலர் என்று ஒரு வால் பையன். அவன் அம்மா ஒருநாள் வந்து நின்றாள். வீட்டில் தாத்தா நியூஸ்பேப்பரை மிதித்துவிட்டாராம். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் சாப்பிடுவேன் என்று இவன் அடம்பிடித்துச் சாதித்துவிட்டானாம். மிஸ் கரோல் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். பேப்பரிடம் சாரி சொல்கிறோம் என்றேன். பேப்பருக்கு என்ன கோபம் என்று கேட்டார். அது தெரிந்தால் நான் ஏன் வேன் ஓட்டுகிறேன்?

அப்புறம்தான் கால் பெயின்டிங் வந்தது. பேப்பர் ரோலைத் தரையில் நீளமாக விரிக்க வேண்டும். பிள்ளைகள் பாதத்தைப் பெயின்டில் முக்கி அதன்மேல் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அப்பா அம்மாக்கள் வந்து பார்ப்பார்கள், ஆன்ட்டிதான் நடத்த வேண்டும், ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ட்ரயலோடு சரி என்று மிஸ் கரோல் சொல்லிவிட்டார்.

ஆன்ட்டிக்குக் கார் ஓட்ட வராது. தினமும் நான்தான் வேனில் கொண்டுபோய் விடுவேன். அன்றைக்கும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"மிதிச்சா மிதிக்கட்டுமே ஆன்ட்டி, வெறும் பேப்பர்தானே" என்றேன்.

"ஏலே, நீ எத்தன பேப்பர மிதிச்சியோ, அதாம்ல உனக்குப் படிப்பு ஏறல."

"வேலை போயிடும் ஆன்ட்டி."

ஆன்ட்டி ஹேண்ட்பேகிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். "திரும்பவும் அந்த ஜன்னல்கிட்ட என்னால உக்கார முடியாதுல" என்றார். எனக்குக் கிண்டல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே எனக்குக் குழப்பமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், பேப்பர் ரோல் அலமாரியிலேயே இருக்கிறது. தரையில் பளபளவென்று ஒரு பட்டு வேட்டி. பேப்பரைத்தான் மிதிக்கக் கூடாது, துணியை மிதிக்கலாம் என்று ஆன்ட்டி ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டம் இயற்றியிருந்தார். பிள்ளைகள் சிவப்பிலும் மஞ்சளிலும் காலை முக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஆஃபீஸிலிருந்து நேராக வந்த ஆன்ட்டியின் கணவர் வேட்டிக் கரையையே உற்றுப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"தம்பி, இது என் கல்யாண வேட்டில்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ ஒரு அப்பா வந்து, அருமையான துணி கொடுத்தீர்கள் என்று அவர் கையைக் குலுக்கினார். அவரும் தேங்க்யூ சொல்லிவிட்டார்.

மிஸ் கரோல் முகம் மட்டும் சரியில்லை. பேப்பர் எங்கே என்று கேட்டார்.

"பேப்பர் இஸ் ஃபார் ஸ்டடி, மிஸ் கரோல். நாட் ஃபார் லெக்" என்றார் ஆன்ட்டி.

மிஸ் கரோல் அலமாரியிலிருந்த ரோலை ஒருமுறை பார்த்தார். கேமராவை எடுத்து, எல்லோரும் படத்தில் வருவதற்காகப் பின்னால் நகர்ந்தார். நகர்ந்தவர், காய்ந்துகொண்டிருந்த டைலரின் டைனோசர் படத்தை நன்றாக மிதித்துவிட்டார்.

ஊர்வலம் அப்படியே நின்றது. அத்தனை பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். டைலர் போய் அந்தப் பேப்பரைத் தூக்கி அவரிடம் நீட்டினான்.

"யூ ஸ்டெப்ட் ஆன் இட், மிஸ் கரோல்."

மிஸ் கரோல் டைலரைப் பார்த்தார். அப்பா அம்மாக்களைப் பார்த்தார். ஆன்ட்டியைப் பார்த்தார், ஆன்ட்டி கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். வேறு வழி தெரியாமல் மிஸ் கரோல் பேப்பரைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். இமை இரண்டும் டைனோசர் பச்சை. பிள்ளைகள் திருப்தியாகத் திரும்ப நடக்க ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்தது டைலரோடு வந்திருந்த தாத்தா. தானும் செய்திருப்பதாகவும், ஒன்றும் ஆகாது என்றும் மிஸ் கரோலுக்குத் தைரியம் வேறு சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆன்ட்டியிடம் வந்த மிஸ் கரோல், திங்கட்கிழமையும் சரியான நேரத்துக்கு வந்துவிடுங்கள், அதற்கடுத்த திங்களும் என்றார். வேட்டி வாசல் ஹாலில் சுவரேறியது. எதனால் சம்மதித்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

ஆன்ட்டி இப்போது கலிஃபோர்னியாவில், வேறொரு டேகேரில். போன வாரம் என் வேனுக்கு ஒரு பார்க்கிங் டிக்கெட், அபராதச் சீட்டு. கடுப்பில் கீழே போட்டு ஒரு மிதி மிதித்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டடிகூடப் போக முடியவில்லை. திரும்பி வந்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். டிக்கெட் எழுதிவிட்டு இன்னும் அங்கேயே நின்ற போலீஸ்காரர் குழம்பிப்போய் என்ன என்று கேட்டார்.

"ஆன்ட்டி" என்றேன்.

அவருக்கு அந்த விளக்கம் போதவில்லை. எனக்குப் போதும்.