மூக்கு மாமாவின் பிளாஸ்க்

கொச்சி மட்டாஞ்சேரியில் மூக்குக்குச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மூக்கு மாமாதான். மிளகு, சுக்கு, ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் ஆபீஸில் சரக்கு வந்தால், மற்றவர்கள் நாலு மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். மாமா கடிக்க மாட்டார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஒரே ஒரு தடவை முகருவார்.

"மழையில நனைஞ்சதைத் திரும்பக் காயவெச்சிருக்கான். வேண்டாம்."

சரக்கு கொண்டுவந்த சேட்டன் மறுபேச்சு பேசாமல் மூட்டையைக் கட்டிவிடுவார்.

அந்த மூக்கு ஆபீஸ் நேரத்தோடு நிற்காது. தண்ணீர், மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும். முதலாளி ஒருநாள் தன் பேத்தியைக் கொண்டுவந்து ஆசையாகக் கொடுத்தார். மாமா குழந்தையை முகர்ந்து பார்த்து, "பால் கொஞ்சம் ஜாஸ்தி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படி ஒரு மூக்கைக் கொடுத்த கடவுள் குடலில் கையை வைத்துவிட்டார். பெருங்குடல் முழுக்கப் புண். ஆஸ்பத்திரியில் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்றார்கள். காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல மாமா அதைப் பற்றிப் பேசுவார். "நம்ம ஆள் இன்னைக்கு நல்ல மூடுல இல்லைடா. நீ போனை எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடுவார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. இடப்பள்ளி மாலில் எந்த மாடியில் கழிப்பறை சுத்தம் என்று அவருக்கு அத்துப்படி. வைப்பின் தீவுக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் ஜங்கார் படகு அக்கரை சேர ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிஷமும் மாமா யாரோடும் பேச மாட்டார்.

காலையில் ஆஸ்பத்திரி மாத்திரை. பிறகு திருப்பூணித்துறை வைத்தியர் கொடுத்த குடஜாரிஷ்டம். "டாக்டருக்கு வைத்தியரைத் தெரியும், வைத்தியருக்கு டாக்டரைத் தெரியும். ஒருத்தர்கிட்ட ஒளிச்சா நமக்குத்தான் கேடு" என்பார். மதியம் பொடியரி நொய்க் கஞ்சி, வேகவைத்த நேந்திரங்காய், ஸ்டீல் பிளாஸ்க்கில் மாதுளந்தோல் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த வெறும் மோர். மிளகாய், மிளகு, இஞ்சி, எண்ணெயில் பொரித்தது எதுவும் ஆகாது. ஊருக்கெல்லாம் மிளகு அனுப்பும் ஆபீஸில், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உப்பு மட்டும் போட்ட கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பார்.

பக்கத்து மேஜை என்னுடையது. அவர் எழுந்து போகும்போதெல்லாம் அவர் போனையும் நானே எடுக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். போதாக்குறைக்கு ஒருநாள் சாயங்காலம், படகுத்துறைப் பக்கம் பருப்புவடை போடும் கடை முன்னால் மாமா நிற்பதைப் பார்த்தேன். மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பத்து நிமிஷம்.

'ஓகோ, ஆபீஸில் கஞ்சி, இங்கே வடையா' என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவர் ஒருநாளாவது வடையை வாங்கினாரா, வாயில் வைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஓணத்துக்கு ஆபீஸில் இலை போட்டுச் சாப்பாடு. ஒரு அண்டா நிறையச் சம்பாரம், அதாவது இஞ்சியும் காந்தாரி மிளகாயும் நாரத்தை இலையும் தட்டிப்போட்ட நீர்மோர். மாமா கை கழுவப் போன நேரத்தில் அவர் பிளாஸ்க்கைக் காலி செய்து, சம்பாரத்தை வடிகட்டி அதில் ஊற்றி வைத்தேன். மேலே ஒரு இலைகூடத் தெரியாதபடி பார்த்துப் பார்த்து வடிகட்டினேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. விளையாட்டுப் பிள்ளை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மாமா வந்து உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் கை அப்படியே நின்றது. பிறகு மடக் மடக்கென்று முழுவதையும் குடித்துவிட்டு, "பேஷ்" என்றார்.

நான் கணக்கு பார்க்கும் லில்லி சேச்சியிடம், "பாத்தேளா, ஒண்ணுமே ஆகலை. எல்லாம் நடிப்பு" என்று கிசுகிசுத்தேன். சேச்சிக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை.

மறுநாள் மாமா வரவில்லை. சேச்சிதான் போனை வைத்துவிட்டுச் சொன்னார். "எடா, மாமா ஆஸ்பத்திரியில இருக்காராம். ரத்தம் போயிட்டு நிக்கலையாம்."

பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். நான் மாதுளம்பழப் பையோடு நாலு தடவை போனேன். நாலு தடவையும் சொல்லத்தான் போனேன். நாலு தடவையும் பழத்தை வைத்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். பாதியாக இளைத்துப்போன மனுஷர் எழுந்து உட்கார்ந்து, "அலைச்சல்டா உனக்கு" என்றபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் திரும்பி வந்த பிறகு நான் செய்த சேவையைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. அவர் போன், என் போன் எல்லாவற்றையும் நானே எடுத்தேன். பிளாஸ்க்கை ஒரு நாளைக்கு மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். "விடுடா, ஸ்டீல் தேஞ்சு ஓட்டை விழப்போறது" என்று மாமாவே பிடுங்கி வைத்துக்கொண்டார். இப்படியே ஒரு வருஷம் ஓடிற்று. வாயை மட்டும் திறக்கவில்லை.

அவர் ரிட்டயராகிற அன்று சாயங்காலம் அதே வடைக்கடை முன்னால் போய்ப் பிடித்தேன்.

"மாமா, ஓணத்தன்னைக்கு உங்க மோரை..."

"காந்தாரி, இஞ்சி, கொஞ்சம் நாரத்தை இலை. உப்பு ஒரு கல் ஜாஸ்தி" என்றார், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியுமா? தெரிஞ்சுண்டா குடிச்சேள்?"

"என்னோட மூக்குக்குத் தெரியாதாடா? நாக்குல உறைப்பு பட்டு அப்பவே ஆறு வருஷமாயிடுத்து. இங்கே தினம் வந்து வாசனையை மட்டும் பிடிச்சுண்டு போறேன். அன்னைக்கு அது கைக்கே வந்துடுத்து. கீழே வைக்க மனசு வரலை." அப்போதுதான் சட்டியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "வெச்சது நீ, குடிச்சது நான். பாதி எனக்கு. போறுமா?"

போதவில்லை. அவர் சொன்னது நிஜமா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பாதியையும் நான்தான் சுமக்கிறேன்.

மாமா இப்போது திருப்பூணித்துறையில் மகள் வீட்டில் இருக்கிறார். நம்ம ஆள் கொஞ்சம் அடங்கியிருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையாலேயே வெறும் மோர் கடைந்து, அதே பிளாஸ்க்கில் எடுத்துப்போகிறேன். மகள் கொடுக்கும் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறார். என் மோரை மட்டும் மூடியைத் திறந்து நேரே வாயில் ஊற்றிக்கொள்கிறார்.