முதல் பாகம் மாதிரி வருமா?

சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோவில் மணி அடித்ததும், அண்ணாமலை நகரில் சகாயநாதனின் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் விளையாட்டின் துப்பாக்கிச் சத்தம் தானாகத் தணிந்துவிடும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி சவரிமேரி கண்ணை மூடி மூவேளைச் செபம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு குண்டுகூடப் பெரிதாக வெடிக்காது. மிஷினே அப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் ரொம்ப நாள் நம்பியிருந்தாள். ஒருநாள் செபத்தின் நடுவில் தும்மல் வந்து கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தாள். தினமும் ஆட வருகிற ஞானசேகரன் தன் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, ஒவ்வொரு மிஷினாகப் போய் ஸ்பீக்கர் திருகைக் குறைத்துக்கொண்டு வந்தான்.

"ஏண்ணே கொறைக்கிற?" என்றான் ஒரு பையன்.

"சத்தம் கம்மியா இருந்தாதான்டா எதிரி காலடி கேக்கும்."

அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் பார்க்காதவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசகர்களே, இந்த மாதிரி தங்கமான மனசுக்குள்ளேதான் அந்த இனம் குடியிருக்கிறது. முதல் பாகக்காரர் என்கிற இனம்!

அவரை நீங்கள் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் புது பஸ் விட்டால், ஏறி உட்காருவதற்கு முன்பே பழைய பஸ்ஸின் ஜன்னல் கம்பியை நினைத்துப் பெருமூச்சு விடுவார். மெஸ்ஸில் மறுபடி சாம்பார் ஊற்றினால் முதலில் ஊற்றியதில் இருந்த மணம் இதில் இல்லை என்பார், வாளியும் ஒன்று, கரண்டியும் ஒன்று, ஊற்றிய ஆளும் ஒருவரே என்றாலும். சொந்தக்காரர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சக் கூப்பிட்டால், பாலைக் குடித்துக்கொண்டே பழைய வீட்டில் வந்த காற்றைப் பற்றிப் பேசுவார். ஏதாவது ஒன்றுக்கு இரண்டாவது என்று வந்துவிட்டால் போதும், அவர் தலை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடும். கடவுள் ஒருவராக இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

ஞானசேகரன் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். என்ன ஆராய்ச்சி என்று சவரிமேரிக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அந்தச் சுடுகிற விளையாட்டில் அவன் பெரிய ஆள் என்பது தெரியும். இடிந்த கிராமம் ஒன்றில் சிப்பாய்கள் ஒருவரையொருவர் தேடித் தேடிச் சுடுவார்கள். செத்தவன் உடனே எழுந்து மறுபடி ஓடுவான். உயிர்த்தெழுகிற காரியம் இவ்வளவு மலிவாகிவிட்டதே என்று முதலில் அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஹாஸ்டல் பையன்களுக்கு ஞானசேகரன் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்த விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வந்தது. அது பழைய மிஷினில் ஓடாது. சகாயநாதன் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுப் புதுசாக இறக்கினார். இது ஓடவில்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு நெல்லிக்குப்பத்தில் மச்சானிடம் வேலை கேட்டுப் போய் நிற்க வேண்டியதுதான். சவரிமேரி தீர்த்தப் பாட்டிலோடு வந்தாள். "மிஷின் மேல தெளிக்காதடி, ஷாக் அடிக்கும்!" என்று அவர் பதறியதால் வாசற்படிக்கு மட்டும் தெளித்தாள்.

முதல் ஆட்டத்துக்கு ஞானசேகரன் உட்கார்ந்தான். பின்னால் ஒரே கூட்டம். அதே கிராமம்தான், புதுப்பித்திருந்தார்கள். அவன் பழைய பழக்கத்தில் மாவு மில்லின் பின்கதவுக்கு ஓடினான். அங்கே கதவு இல்லை. சுவர். முட்டிக்கொண்டு நின்றவனை எவனோ முதுகில் சுட்டான்.

"இங்க கதவு இருந்துச்சேடா!"

"அது முதல் பாகத்துலண்ணே."

எழுந்தான், ஓடினான். மறுபடி அதே சுவர். மறுபடி முதுகில். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சுவர் இருக்கிறது என்று புத்தியில் ஏற்றிக்கொள்வீர்கள். முதல் பாகக்காரர் அப்படிச் செய்யமாட்டார். சுவர்தான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று காத்திருப்பார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "துப்பாக்கி சத்தமா இது? கொட்டாங்குச்சியில தட்டுற மாதிரி இருக்கு. சரி, குண்டடி பட்டா முன்னெல்லாம் மருந்துப் பெட்டிய தேடி ஓடணும். இதுல சும்மா செவுத்தோரம் ஒதுங்கி நின்னா காயம் தானா ஆறிடுதாம். நாயமா இது?"

"ஆண்டவர் கிருபைன்னு நெனச்சுக்கயேன் தம்பி," என்றாள் சவரிமேரி.

"முதல் பாகம் மாதிரி வராதுக்கா."

தீர்ப்பு வந்துவிட்டது. "சேகரண்ணனே சொல்லிட்டாரு, வா மச்சான் போலாம்," என்று பையன்கள் கலைந்தார்கள். அந்த வாரம் முழுக்கப் புது மிஷின்கள் மேலே போட்ட துணியோடு கிடந்தன.

"அவன இனிமே உள்ள விடாத. வாயத் தொறந்தே கடைய மூட வெச்சிடுவான்," என்றார் சகாயநாதன்.

"அவன் அந்த மாதிரி புள்ள இல்லீங்க."

"பின்ன எந்த மாதிரி புள்ள?"

அவளுக்கு ஆறு மணி ஞாபகம் வந்தது. மறுநாள் அவனையே பிடித்துக் கேட்டாள். "தம்பி, எங்க வீட்டுக்காரரு புது மிஷின எறக்கிட்டுத் தூக்கமில்லாம கெடக்குறாரு. அதப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லேன்."

அவன் முகம் வாடிப்போயிற்று. நெற்றியைத் தேய்த்தான். தொண்டையைச் செருமினான். "கலரு நல்லாருக்குக்கா..." என்று பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி ஆரம்பித்து, "ஆனா..." என்றான். முதல் பாகக்காரரின் சொத்து முழுவதும் அந்த 'ஆனா'வில்தான் இருக்கிறது.

"அப்போ வேதாகமத்துலகூட உனக்குப் பழைய ஏற்பாடுதான் ஒசத்தியா?"

"அதுலதானக்கா சண்டை ஜாஸ்தி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. துணி போர்த்திய மிஷின்களைத் திரும்பிப் பார்த்தான். "எனக்குப் பொய் வராதுக்கா. வேணும்னா குறைய முழுசா சொல்றேன்," என்றான்.

சொன்னபடி தினமும் வந்தான். துணியை எடுத்தான், உட்கார்ந்தான், ஒவ்வொரு குறையாக ஆடியே காட்டினான். வேடிக்கை பார்க்கப் பையன்கள் கூடினார்கள். "அண்ணே, நீ சொல்றது தப்பு, இந்தா பாரு," என்று ஒருவன் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தான். அவனை மறுக்க இன்னொருவன் உட்கார்ந்தான். முதல் பாகக் கட்சி, இரண்டாம் பாகக் கட்சி என்று ஹாஸ்டலே இரண்டாயிற்று. எந்தக் கட்சியானாலும் நிரூபிக்க ஆடித்தானே ஆக வேண்டும்? ஞானசேகரன் சுவரில் முட்டுகிற கட்டத்தைப் பார்க்கவென்றே கடலூரிலிருந்து ஒரு கோஷ்டி பஸ் ஏறி வந்தது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சகாயநாதன் இரவில் குறட்டை விட்டார். புகழ்கிறவன் ஒரு நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறான், குறை சொல்கிறவன்தான் கடை சாத்துகிற வரை இருக்கிறான் என்று சவரிமேரி கண்டுகொண்டாள்.

இரண்டொரு வருஷம் போய் மூன்றாம் பாகம் வந்தது. அதில் மாவு மில்லின் பின்கதவைத் திரும்ப வைத்துவிட்டார்கள்! எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஞானசேகரன் கதவுப் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடினான். கதவு வழியாக வந்தவன் அவனை முதுகில் சுட்டான்.

"இங்க சுவர் இருந்துச்சேடா!"

கடையே அதிர்ந்தது. அவன் சிரிக்கவில்லை. வெகு வருத்தமாகச் சொன்னான்: "என்னா இருந்தாலும் ரெண்டாம் பாகம் மாதிரி வருமா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். புதுச் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பழைய போனின் பொத்தானை நினைத்து ஏங்காதவர் தாராளமாகச் சிரிக்கலாம். மூத்த மருமகளிடம் இளைய மருமகளைப் பற்றியும், இளையவளிடம் மூத்தவளைப் பற்றியும் தலையாட்டாதவர்கள் சிரிக்கலாம். அவ்வளவு ஏன், 'இதற்கு முன்னால் படித்தது இதைவிட நன்றாக இருந்ததே' என்று இப்போது உங்கள் மனசுக்குள் ஓடுகிறதா? அப்படியானால் வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

காலியானது எப்படி என்றால், ஞானசேகரனுக்குக் கடலூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. பெட்டியோடு சொல்லிக்கொள்ள வந்தான். சகாயநாதன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சவரிமேரி அவன் நெற்றியில் சிலுவை வரைந்து, "நீ இல்லாம கடை எப்படித் தம்பி?" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கோவில் மணி அடித்தது. ஞானசேகரன் பெட்டியைக் கீழே வைத்தான், மிஷின் மிஷினாகப் போய்த் திருகைக் குறைத்தான், திரும்பி வந்து பெட்டியை எடுத்தான்.

"நாளையிலேர்ந்து இத செய்ய ஒரு பையன்கிட்ட சொல்லியிருக்கேன்க்கா. செய்வான். ஆனா..." என்று இழுத்து, முதல் தடவையாகச் சிரித்தான். "முதல் பாகம் மாதிரி வராது."