தில்லைநாதன் ஒத்திவைத்த ஒப்பரேஷன்

"வியாழக்கிழமை காலை ஆறு மணி ஒப்பரேஷன். எல்லாம் தயாரா?"

ரெலிபோனில் யாரோ ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டபோது தில்லைநாதனுக்கு அதில் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் டொக்டர் கதிர்காமநாதனின் நேர்சிங் ஹோமில் அவர் பதினொரு வருடமாகக் கிளாக்கர். ஒப்பரேஷன் லிஸ்ட் அடிப்பது, ரெலிபோன் எடுப்பது, டொக்டர் வாசிக்காமலே கையெழுத்து வைக்கும் கடதாசிகளை ஆயத்தம் செய்வது எல்லாம் அவர் வேலைதான். வியாழன் ஆறு மணிக்கு, மொரட்டுவையில் பலகை விற்கும் மரக்காலை வைத்திருக்கும் பெரேரா என்பவருக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் என்று டொக்டரே தன் கையால் எழுதித் தந்திருந்தார். பேசுகிறவர் பெரேராவின் சொந்தக்காரராக்கும் என்று தில்லைநாதன் நினைத்துக்கொண்டார்.

"எல்லாம் தயார், சேர்."

"நல்லது. விசயம் வெளியே போகக்கூடாது. என்னுடைய ஒஃபிசர்மாருக்கே தெரியாது."

"ஒஃபிசர்மாரா? எங்கிருந்து பேசுகிறீர்கள், சேர்?"

"ஸ்பெஷல் ஒப்பரேஷன்ஸ் கொமாண்ட். பிரிகேடியர் பேசுகிறேன்."

ரெலிபோன் வைக்கப்பட்டது. தில்லைநாதன் வைக்கவில்லை. மேசையில் அன்றைய பத்திரிகை விரிந்து கிடந்தது. முப்படைகளின் விசேட அணிகளெல்லாம் இனி ஒரே கட்டளையகத்தின் கீழ்; வடக்கில் விரைவில் பெரிய நடவடிக்கை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவருக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் லைன் மாறி விழுவது புதினமல்ல. பிரிகேடியர் ஏதோ ஒரு முகாமுக்கு எடுத்திருக்கிறார். அது வெள்ளவத்தையில் வந்து விழுந்திருக்கிறது. எல்லாம் தயார் என்று இராணுவத்துக்கு உறுதி கொடுத்தவர், கொழும்பில் தங்கும் வடக்குத் தமிழருக்கென்று பொலிஸ் தரும் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துத் திரியும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் தில்லைநாதன். இனி அந்த இரகசியத்தை வெளியே சொன்னாலும் பிழை, சொல்லாமல் வைத்திருந்தாலும் பிழை. பிடித்தால் விசாரணைக்குக் கொண்டுபோவது பொலிஸ் தலைமையகத்து நாலாம் மாடிக்கு; அங்கே போனவர்கள் சுகமாகத் திரும்புவதில்லை.

அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டுக் கலக்குவதை மனைவி சரோஜினிதேவி பார்த்துவிட்டார்.

"என்னப்பா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்குது?"

"ஒண்டுமில்லை. நாளைக்கு அந்த ஆள் எடுத்தா றோங் நம்பர் எண்டு சொல்லிப்போடுறன்."

"எந்த ஆள்?"

"அதைத்தானப்பா சொல்ல ஏலாது."

மறுநாள் அதே நேரத்துக்கு ரெலிபோன் அடித்தது. தில்லைநாதன் எழுந்து நின்று, சேர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு எடுத்தார்.

"சேர், மன்னிக்க வேண்டும். இது நேர்சிங் ஹோம்."

பிரிகேடியர் பதறினார்.

"அந்தச் சொல்லை ரெலிபோனில் சொல்லாதே! பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள்."

தில்லைநாதனுக்குத் தலை சுற்றியது. நேர்சிங் ஹோம் என்பது இராணுவத்தின் இரகசியச் சொல்லாக்கும்! போயும் போயும் அதையா தன் வாயால் சொல்ல வேண்டும்?

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று பிரிகேடியர் கேட்டார்.

"நாற்பத்தைந்து நிமிடம், சேர்." பதினொரு வருடப் பழக்கம்; நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

"எத்தனை பேர் உள்ளே போவார்கள்?"

"நாலு பேர், சேர்."

பிரிகேடியரின் குரல் இறங்கியது. "இரத்தம்?"

"கொஞ்சம்தான், சேர்."

ரெலிபோனை வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தில்லைநாதனுக்கு உறைத்தது. ஒரு தாக்குதலுக்கு முழுத் திட்டமும் போட்டுக் கொடுத்துவிட்டார். அதுவும் வடக்கில். அங்கேதான் அவருடைய அக்கா சிவக்கொழுந்து தனியாக இருக்கிறார். இரண்டு மாதம் பிந்தி வந்த அவருடைய கடிதம் மேசை லாச்சிக்குள் கிடந்தது. 'செல் விழேக்கை பங்கர்க் குழிக்குள்ள இறங்க முழங்கால் விடுகுதில்லை, தம்பி. மேல இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்.'

தில்லைநாதன் அந்தக் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தார். நாலாம் மாடிப் பயத்தை விட அந்த முழங்கால் பெரிதாகத் தெரிந்தது.

புதன்கிழமை பிரிகேடியர் எடுத்து, "நாளைக் காலை..." என்று தொடங்கினார். தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு முடியாது, சேர். ஒத்திவைத்தாயிற்று. திங்கட்கிழமை."

இடி விழும் என்று காத்திருந்தார்.

"உண்மையாகவா?" மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்று கேட்ட பிள்ளையின் குரல் அது. "தாங்க்யூ! தாங்க்யூ வெரி மச்!"

தில்லைநாதன் கதிரையில் பொத்தென்று இருந்தார். ஒரு யுத்தத்தை நிறுத்துவது இவ்வளவு சுகமா? இத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் இந்த யோசனை வரவில்லையே! பின்னேரம் காலி வீதியில் நிமிர்ந்து நடந்தார். சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரனுக்குத் தானாகவே போய் அடையாள அட்டையைக் காட்டிச் சிரித்தார். அவன் பயந்துபோய் இரண்டு தரம் சோதித்தான். வீட்டுக்கு ஆறு கடலை வடை கொண்டு போனார்.

"இண்டைக்கு என்னப்பா விசேசம்?"

"சும்மா. ஒரு சின்னச் சமாதானம்."

வியாழன் காலை ஆறு மணிக்கு டொக்டர் கதிர்காமநாதன் கையைக் கழுவி, கையுறை போட்டு, தியேட்டரில் தயாராக நின்றார். நோயாளி வரவில்லை.

"தில்லைநாதன், எங்க அந்த மரக்காலைக்காரன்?"

"தெரியாது, சேர். பெரேரா கோல் எடுக்கேல்லை."

"நம்பரும் தரமாட்டன், தானே எடுக்கிறன் எண்டவர். எடுத்தா திங்கள் ஆறு மணிக்கு வரச்சொல்லும்."

பெரேரா எடுக்கவே இல்லை. பிரிகேடியர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நடுங்கும் குரலில், "நாளைக்கா?" என்றார். "இல்லை சேர், வெள்ளி" என்றார் தில்லைநாதன். "கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார்!" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை அடுத்த புதனுக்குப் போனது. புதன்கிழமை ஒப்பரேஷன் பௌர்ணமிப் போயா விடுமுறையையும் தாண்டிப் போனது. ஒவ்வொரு தரமும் பிரிகேடியரின் நன்றி கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு தரமும் டொக்டர் வெறும் தியேட்டரில் கையுறையோடு நின்றார். மயக்க ஊசி போடும் டொக்டர் இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது கிழமை டொக்டர் கிளாக்கரின் மேசைக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு தரம் நான் கையைக் கழுவிப்போட்டுச் சும்மா நிண்டனெண்டா, உம்மட கதிரையும் சும்மாதான் நிக்கும். விளங்குதோ?"

தில்லைநாதனுக்கு நன்றாக விளங்கியது. கொழும்பில் தங்குவதற்கு என்ன காரணம் என்று பொலிஸ் பதிவில் எழுதியிருப்பது இந்த வேலைதான். வேலை போனால் காரணம் போகும். காரணம் போனால் அடுத்த சுற்றிவளைப்பில் ஆளும் போகும். டொக்டர் திரும்பிப் படியேறும்போதே ரெலிபோன் அடித்தது.

அவர் லாச்சியைத் திறந்து அக்காவின் கடிதத்தைப் பார்த்தார். பிறகு எடுத்தார்.

"சேர், இன்னும் ஒரு கிழமை..."

"முடியாது!" பிரிகேடியர் கத்தினார். "இனித் தாங்காது! இப்போதே வருகிறேன். நீ அங்கேயே இரு!"

முடிந்தது கதை என்று தில்லைநாதன் நினைத்தார். வீட்டுக்கு எடுத்தார்.

"சரோ, மாத்திக் கட்ட ஒரு சாரமும் ரூத்பிரஷும் கொண்டு வாரும்."

"ஏனப்பா, எங்கை போறியள்?"

"நாலாம் மாடிக்கு."

"உங்கட நேர்சிங் ஹோமில மூண்டு மாடிதானே?"

அவர் பதில் சொல்லுமுன் வாசலில் ஜீப் வந்து நின்றது. துவக்கோடு இரண்டு ஆமிக்காரர் குதித்து இறங்கினார்கள். நடுவில் ஒரு பெரிய உருவம். ஆனால் அந்த உருவம் நிமிர்ந்து வரவில்லை. அடிவயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு, இரண்டாக மடிந்து, ஐயோ அம்மே என்று முனகிக்கொண்டு வந்தது. வார்ட்டில் வேலை செய்யும் றஞ்சிதம் சக்கரநாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

தில்லைநாதன் எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். விலங்கு போடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

"சேர், ஒப்பரேஷனை ஒத்திவைத்தது நான்தான். வேறு ஒருவருக்கும் தொடர்பில்லை."

பிரிகேடியர் அந்தக் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நீயா அது? முப்பது வருடம் துவக்குக்குப் பயப்படாதவன் நான். கத்திக்குப் பயம் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது. நீ ஒருவன்தான் சொல்லாமலே விளங்கிக்கொண்டாய்!"

மாடிப்படியில் டொக்டரின் குரல் கேட்டது.

"ஆ, மரக்காலைப் பெரேரா! இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனால் உன் ஆட்கள் சிரிப்பார்கள் என்று பொய்ப்பெயரில் என்னிடம் வந்தாயே, இங்கேயும் வரப் பயமா? பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தால் மதில் பாய்கிறவன்தானே நீ!"

ஒப்பரேஷன் நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தது. நாலு பேர் உள்ளே போனார்கள். இரத்தம் கொஞ்சம்தான்.

தில்லைநாதன் தன் கதிரையில் வந்து இருந்தார். வேலை தப்பியது, தலை தப்பியது. சந்தோசம் மட்டும் வரவில்லை. சரோஜினிதேவி சாரத்தோடு வந்து, விசயத்தைக் கேட்டு, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று கிழமை நெஞ்சை நிமிர்த்தித் திரிந்ததும், ஆறு கடலை வடையும், எல்லாம் ஒரு ஹேர்னியாவுக்காகவா? அக்காவின் கடிதத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. லாச்சியைச் சாத்தினார்.

றஞ்சிதம் வந்தாள்.

"அண்ணை, பெரியவருக்கு ரெஸ்ட் சேர்ட்டிபிகேட் அடிக்கட்டாம். ஆறு கிழமை. அடிச்சுத் தந்தா டொக்டர் சைன் வைப்பார்."

தில்லைநாதன் ரைப்ரைட்டரில் கடதாசியை ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். றஞ்சிதம் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனைக்காரி, சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இரண்டு நிமிடம் கிடைத்தால் வாசலில் நிற்கிறவனின் சாதகத்தையே எடுத்துவிடுவாள்.

"வெளியில நிக்கிற ஆமிப் பெடியளோட கதைச்சனான், அண்ணை. அதுகளுக்கு ஒரே சந்தோசம். பெரிய சண்டை ஒண்டுக்கு எல்லாம் ஏத்தி வைச்சுக்கொண்டு மூண்டு கிழமையா நிக்குதுகளாம். இந்தாள் சுகமா எழும்பி முன்னுக்கு நடக்கும்வரைக்கும் வடக்கில ஒரு ஒப்பரேஷனும் இல்லையாம். ரெஸ்ட் முடியுமட்டும் வீட்டை போங்கோ எண்டு எல்லாருக்கும் லீவு குடுத்திட்டாராம்!"

ரைப்ரைட்டர் சத்தம் நின்றது. தில்லைநாதன் அதை இரண்டெழுத்துப் பின்னால் தள்ளி, ஒரேயொரு தரம் தட்டினார்.

றஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணை, ஆறுக்கு முன்னால ஒரு ஒண்டு விழுந்திட்டுதே!"