ராட்டினத்தில் ஏறிய தடியங்காய்

தென்காசியில் நாங்கள் குடியிருந்த தெருவில், ஆகாது அண்ணாச்சி சரி என்று சொல்லாமல் எந்தக் குழந்தையும் தரையைவிட்டு ஓர் அடிகூட மேலே எழும்பியதில்லை. ஊஞ்சலோ, மாட்டு வண்டியோ, ராட்டினமோ, எதுவானாலும் முதலில் அவர் ஏறி இறங்க வேண்டும். இறங்கியதும் வேட்டியைத் தட்டிக்கொண்டு, "புள்ளைகளுக்கு ஆகாது" என்பார். அதனால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கேயும் அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசாங்க ஆபீசில் அவர் பதிவறைக் குமாஸ்தா. ஒல்லியான ஆள். வெயிலிலும் குடை, மழையிலும் குடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லாத உங்களுக்கு இதில் என்ன அதிகாரம் என்று யாரோ ஒரு தடவை கேட்டார்கள்.

"பெத்தவனுக்குப் பாசம் கண்ணை மறைச்சிரும். எனக்கு மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால நல்லாத் தெரியுது" என்றார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒவ்வொரு அருவியாகப் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். திங்கட்கிழமை பதிவறைக் கதவில் ஓர் அறிக்கை ஒட்டியிருக்கும். 'பேரருவி: நேரில் நின்று பார்வையிடப்பட்டது. தோளில் அடி பலமாக விழுகிறது. ஏழு வயதுக்குக் கீழ் ஆகாது. சிற்றருவி: தண்ணீர் மீது ஆட்சேபணை இல்லை. குளிப்பவர்களின் எண்ணெய் வழிந்து பாறை வழுக்குகிறது. ஆகாது. குரங்குகள்: தின்பண்டம் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆகாது. புலியருவி: ஆகும். தலை துவட்ட ஆளுக்கு இரண்டு துண்டு கொண்டு செல்க.'

மேலதிகாரி அதைக் கிழிக்கச் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவருக்கு மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள். ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

ஒரு வருஷம் சீசனுக்குக் குற்றாலத்தில் பொருட்காட்சி போட்டார்கள். பெரிய ராட்டினம், குடைராட்டினம், முகத்தைக் கோணலாகக் காட்டும் சிரிப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் சுற்றும் மரணக் கிணறு எல்லாம் வந்திறங்கின. எனக்கு அப்போது நாலு வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன். "அண்ணாச்சி பாக்காம நான் வர மாட்டேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். தெருவில் எல்லா வீட்டிலும் அதே பேச்சு.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் தோளில் ஒரு பெரிய தடியங்காய், அதாவது வெள்ளைப் பூசணி. வழியெல்லாம் அதைக் குழந்தையைப் போலச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஓர் அம்மாள் எழுந்து இடம்கூடக் கொடுத்தாள்.

ராட்டினக்காரர் மதுரைப் பக்கத்து ஆள்.

"என்னங்க இது?"

"மூணு வயசுப் புள்ளைன்னு வச்சுக்கிடும்."

"பூசணிக்கா மாதிரில்ல இருக்கு?"

"எடைக்குச் சொல்லுதேன், வே."

காயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ராட்டினம் சுற்றியது. மூன்றாவது சுற்றில் பெட்டி மேலேயிருந்து இறங்கும்போது தடியங்காய் நழுவி, முன்னாலிருந்த கம்பிக்கு அடியில் புகுந்து, கீழே வந்து விழுந்தது. மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தவர் தன் கூடைக்கு நாலடி தள்ளிச் சிதறிக் கிடந்த காயைப் பார்த்துவிட்டு, "மேல இருந்து எறியுதது யாருவே?" என்று எழுந்தார்.

அண்ணாச்சி இறங்கி வந்தார். சிதறிக் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். என் பையனுக்கும் ஏறக்குறைய அந்த எடைதான்.

"கம்பிக்குக் கீழ குறுக்க ஒரு பலகை அடியும்" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாள் காலையில் எல்லாப் பெட்டியிலும் பலகை அடித்திருந்தார்கள். அண்ணாச்சி இரண்டாவது தடியங்காயோடு போனார். இந்தத் தடவை காய் முழுசாக இறங்கி வந்தது. ராட்டினக்காரர் ஆசையோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆகாது."

"ஏங்க, காய்தான் விழலையே?"

"காய்க்குப் பயம் கிடையாது. புள்ளைக்கு உண்டுல்லா."

கதவில் அறிக்கை வந்தது. 'குடைராட்டினம்: ஆகும். சிரிப்புக் கண்ணாடி: பெற்றோர் முகம் கோணித் தெரிவதால் பிள்ளைகளுக்கு ஆகாது. மரணக் கிணறு: பெயரே போதும். பெரிய ராட்டினம்: ஆகாது.' தெரு முழுக்க அந்த அறிக்கைப்படி போய்விட்டு, அழுகை இல்லாமல் வீடு திரும்பியது.

கீழ்ப்படியாதவர் ஒருவர்தான். வீரகேரளம்புதூரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர். நிலபுலன் உள்ளவர், மீசையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். அறிக்கையைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். "பூசணிக்காயைப் பாத்துப் பயந்தா பொழைக்க முடியுமா மாப்ளே?" என்று சொல்லி, ஐந்து வயது மகனைத் தூக்கிக்கொண்டு ராட்டினத்தில் ஏறிவிட்டார். நாங்களும் அண்ணாச்சியும் கீழே நின்றோம்.

அவர்களுடைய பெட்டி உச்சிக்குப் போன நேரம் பார்த்து, எஞ்சின் பெல்ட் அறுந்துவிட்டது.

ராட்டினம் நின்றது. மாற்று பெல்ட்டைத் தேடி ஆட்கள் கூடாரத்துக்கு ஓடினார்கள். சாரல் காற்றில் பெட்டி லேசாக ஆடியது. மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பையன் அழுகிறான் என்று என் மனைவி பதறிப்போனாள். கவனித்துக் கேட்டால் அது அவளுடைய அண்ணன் குரல். மீசை வைத்த மனிதர் அப்படி ஒரு குரலில் அழ முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிடியை விட்டுவிட்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பெட்டி இன்னும் அதிகமாக ஆடியது.

அண்ணாச்சி குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

"ஏலே ராசா, நான் கேக்கது கேக்குதா?"

"கேக்கு" என்றது மேலே ஒரு சின்னக் குரல்.

"உங்க அப்பா கையப் பிடிச்சுக்கோ. உக்காரச் சொல்லு."

"அப்பா, உக்காரணுமாம்."

மைத்துனர் உட்கார்ந்தார்.

"அங்கன இருந்து என்னலே தெரியுது?"

"மலை தெரியுது. மேகம் தெரியுது."

"மேகம் எந்தப் பக்கமாப் போகுதுன்னு அப்பாட்ட கேட்டுச் சொல்லு."

அரை மணி நேரம் இப்படியே போனது. அருவியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது, குரங்குகள் எத்தனை என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். பையன் அப்பாவிடம் விசாரித்து விசாரித்துப் பதில் சொன்னான். குரங்குகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டையில் மைத்துனர் அழுவதை மறந்துவிட்டார்.

ஒருவழியாகப் பெட்டி கீழே வந்தது. பையன் இன்னொரு சுற்று போகலாம் என்றான். மைத்துனர் தரையில் உட்கார்ந்து மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு புலியருவிப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

திங்கட்கிழமை கதவில் ஒரு திருத்தம் ஒட்டியிருந்தது. 'பெரிய ராட்டினம், மறு பரிசீலனையில்: பிள்ளைகளுக்கு ஆகும். பெரியவர்களுக்கு ஆகாது.'

அந்த வாரம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவரிடம் என் மனைவி, "நீங்க எப்படித்தான் பயப்படாம எல்லாத்திலயும் ஏறுதியளோ" என்று கேட்டாள்.

அண்ணாச்சி ரசத்தைக் குடித்துவிட்டு, "பயப்படலன்னு யாரு சொன்னா? ஒவ்வொண்ணுலயும் எனக்கு உசுரு போயிட்டு வருது" என்றார்.

அறுபதுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்று வடகரையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். பதிவறைக் கதவு வெறும் கதவாயிற்று. அடுத்த சீசனுக்கு நாங்கள் வழக்கம்போல் கிளம்பினோம். அதே பஸ், அதே சாரல். அருவிக்குப் போகும் பாதையிலேயே எனக்குக் கால் தயங்கியது. பாறை வழுக்குமோ, கூட்டம் நெருக்குமோ என்று ஒவ்வோர் அடிக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது.

"அப்பா, கை வலிக்கி" என்றாள் என் மகள். அவள் கையை நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் எல்லோருடைய பயத்தையும் இத்தனை வருஷம் அந்த ஒல்லி மனிதர் ஒருவரே பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.