பேசின் அண்ணை

புலம்பெயர்ந்த எங்கள் தமிழர் வட்டாரமான கோட்-டெ-நெய்ஜில் ஒரு மனிதனின் பின்பக்கத்தைப் பற்றி ஊரே கவலைப்பட்டது என்றால், அது பேசின் அண்ணையின் பின்பக்கம்தான். அரசியலில் ஒருபோதும் ஒத்துப்போகாதவர்கள்கூட இந்த விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: பாவம், மனிசனுக்குத் தீராத வருத்தம்.

எங்கள் கட்டடத்து லிஃப்டில் அவர் ஏறும்போதெல்லாம் கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின் இருக்கும். கழிப்பறைக் கொமட்டின் மேல் பொருத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, அதில் குந்தியிருப்பதற்கானது. அர்ச்சனைத் தட்டுப்போல நெஞ்சுக்கு நேரே பிடித்திருப்பார்.

“என்னண்ணை, இன்னும் மாறேல்லையோ?”

“எங்கை தம்பி! கூடிக்கொண்டெல்லோ போகுது.”

ஒருமுறை மெட்ரோவில் ஒரு பிரெஞ்சு அம்மா எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். அண்ணை பேசினைக் காட்டி, “மெர்சி, இருக்கேலாது” என்று மிச்சத்தைத் தமிழிலேயே விளக்கிவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

நான் வேறு ரகம். எனக்குப் புராஸ்டேட்டில் சத்திரசிகிச்சை நடந்தபோது, பித்தப்பையில் கல் என்று ஊருக்குச் சொன்னேன். பித்தப்பை கௌரவமான உறுப்பு. சபையில் பெயர் சொல்லலாம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, சொல்ல முடியாத இடத்தில் வீக்கமும் காந்தலும் தொடங்கின. டொக்டர் அன்டிபயோட்டிக்கும் வீக்கத்துக்குக் குளிசையும் எழுதினார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருக்கவும் சொன்னார். அடுத்த முறை வரும்போது வற்றியிருக்க வேண்டும். சீழ் கட்டினால் திரும்பவும் வெட்ட வேண்டிவரும் என்றார்.

குளிசையை விழுங்கினேன். பேசின் வாங்கவில்லை. மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவள் மாஸ்டரின் மகள். மாஸ்டர் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் காதுக்குப் போனது தொலைவில் இருக்கும் டொலார்ட் முருகன் கோயில்வரை போய்விடும். மறுபடி கத்திக்குக் கீழே படுப்பது பயம்தான். மாஸ்டரின் மகளிடம் பேசின் கேட்பது அதைவிடப் பயம். என்னைப்போல நிறையப் படித்தால் இப்படித்தான்.

லிஃப்டில் பேசின் அண்ணை என் நடையைப் பார்த்தார்.

“தம்பி, பித்தப்பை எடுத்தவன் தாரா மாதிரிக் காலை அகட்டி நடக்கிறேல்லை.”

அன்று பின்னேரமே பேசினோடு வந்தார். “கழுவித்தான் கொண்டந்தனான். கையாலை சூடு பாத்திட்டு இரும். இது கிழங்கு அவிக்கிற வேலையில்லை.”

அதன்பின் என் மனைவி வேலைக்குப் போனதும் தினமும் வருவார். நான் குளியலறையில்; அவர் கதவுக்கு வெளியே, தண்ணீர் ஆறினால் ஊற்றச் சுடுதண்ணிக் கேத்திலோடு. “எழும்பாதையும்!” என்று அதட்டுவார்.

ஒருநாள் தோடம்பழங்களோடு மாஸ்டர் என்னைப் பார்க்க வந்துவிட்டார். உள்ளே நான் தண்ணீர்ச் சத்தம் கேட்காதபடி பேசினை இறுக்கிப் பிடித்தேன்.

“என்னண்ணை, கேத்திலோடை இஞ்சை நிக்கிறியள்?”

“என்ரை வீட்டிலை சுடுதண்ணி வருகுதில்லை மாஸ்டர். தம்பி பாத்ரூமை எனக்கு விட்டிட்டு வெளியிலை போயிட்டான்.”

“இன்னும் மாறேல்லையோ?”

“கூடிக்கொண்டெல்லோ போகுது.”

மாஸ்டர் தோடம்பழங்களை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

“அண்ணை,” என்றேன் உள்ளேயிருந்து. “உண்மையா உங்களுக்கு இன்னும் வருத்தமோ?”

“சீ! என்ரை ஒப்பரேசன் வீக்கம் எப்பவோ வத்திப்போச்சு. எங்கடை ஆம்பிளையளுக்குப் பேசின் கேக்க வெக்கம். நான் கொண்டுதிரிஞ்சா, அவையளுக்குக் குடுக்கக் கொண்டுபோனாலும் எனக்கெண்டு நினைப்பினம்.”

“அப்ப மெட்ரோவிலை நிண்டது?”

“இருந்தா ஆர் நம்புறது?”

கட்டடத்து ஆண்களின் வருத்தம் முழுவதையும் தன் பெயரில் எழுதிவைத்திருந்தார் மனிதர்.

அடுத்த முறை டொக்டர் பார்த்துவிட்டு, வற்றிவிட்டது, வெட்டத் தேவையில்லை என்றார். பேசினைத் தேய்த்துக் கழுவி, அண்ணையிடம் கொடுக்கப் புறப்பட்டேன். லிஃப்டில் மாஸ்டரும் மகளும் நின்றார்கள்.

“அண்ணைக்கு இன்னும் மாறேல்லையோ?” என்றார் மாஸ்டர்.

பேசினை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

“அண்ணைக்கில்லை மாஸ்டர். எனக்கு.”