பாவம் எரிகிற தண்ணீர்

தண்ணீர் பற்றி எரிகிறதாம்! விடுவார்களா? புட்டுமயோ ஆற்றங்கரையில் அன்று நிற்க இடமில்லை. படகு படகாய் வந்து இறங்கியது சனம். கையில் கோழி, தோளில் வாழைத்தார். எல்லாம் ஜெபம் செய்ய வந்திருக்கும் போதகர், சகோதரர் எலியேசருக்குக் காணிக்கை.

ஓடை வந்து ஆற்றில் கலக்குமிடத்தில் அவர் ஒரு சட்டி தண்ணீர் மொள்வார். கண்ணை மூடி ஜெபிப்பார். தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார். குபுக்கென்று எரியும்!

"பாருங்க, உங்க பாவம் எரியுது! ஆத்துத் தாய் கோவத்துலதான் மீனெல்லாம் சாகுது. மிச்சத் தண்ணியக் குடிங்க, தாய் மனசு இறங்கும்."

குடித்தவர்கள் வாந்தியெடுத்தார்கள். பாவம் வெளியேறுகிறதாம். என்ன வசதியான பாவம்!

மீன்காரி தெயானிராவின் வலையில் இரண்டு மாதமாகச் செத்த மீன்தான், அதிலும் பெட்ரோல் நாற்றம். இன்றைக்கோ ஆறு மாதக் கர்ப்பிணியான அவள் தங்கை எதில்மா, கிண்ணத்தோடு வரிசையில் முதலில் நிற்கிறாள். தெயானிரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"குடிக்காதடி!"

"புள்ள நல்லபடியா பொறக்கணும்க்கா..."

"அதுக்கு இப்பவே பெட்ரோல் ஊத்துறியா?"

தெயானிரா ஓடை கலக்கும் இடத்துக்கு மேலே போய், ஆற்றில் ஒரு சட்டி மொண்டு வந்தாள்.

"சகோதரரே, இத எரிச்சுக் காட்டுங்க, நானே குடிக்கிறேன்."

அவர் ஜெபித்தார். நீட்டி ஜெபித்தார். தீக்குச்சி சுர்ரென்று அணைந்தது. நாலு குச்சி போட்டும் அதே கதைதான். நெற்றியெல்லாம் வியர்வை.

"இதுல... பாவம் இல்ல."

தெயானிரா அவருடைய சட்டியை இழுத்துக்கொண்டாள். "பன்னி! கழுத! திருட்டுப் பயலே!" என்று அதைப் பார்த்துத் திட்டிவிட்டுக் குச்சியைப் போட்டாள். திகுதிகுவென்று எரிந்தது.

"ஜெபத்துக்கு எரியல, திட்டுக்கு எரியுது! பாவம் ஓடை வழியா மட்டும்தான் வருமோ? ஓடைக்கு மேல என்ன இருக்கு, சொல்லுங்களேன்?"

கொக்கா இலையைப் பெட்ரோலில் ஊறவைத்துப் போதைச்சரக்கு காய்ச்சும் கொட்டகை அங்கே இருப்பது ஊருக்கே தெரியும். கழிவெல்லாம் ஓடைக்குத்தான். பயத்தில் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

படகோட்டி வில்மர்தான் கடைசியில் முணுமுணுத்தான். "இவர இங்க கொண்டாந்து எறக்குறதே அந்தக் கொட்டகைப் படகுதான்."

சகோதரர் கோழிகளைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார். எதில்மா கிண்ணத்தைத் தூரமாக வீசிவிட்டு, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நாற்றம் அத்தனை பேர் மூக்கிலும் ஏறியிருந்தது. ஆனால் கேட்டது ஒருத்திதான். மூக்கு இருப்பது சளி சிந்த மட்டுமா? முதலில் முகர்ந்து பாருங்களய்யா, முழங்காலிடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்!