பிசிறு நிரப்பிய கோளாறு அறிக்கை

ஒரகடத்தில் ஓடுகிற அத்தனை தகடு வெட்டும் பிரஸ்களையும் ஒரே நாளில் நிறுத்த வல்லவர் ஒருவர்தான்: எங்கள் பிரஸ் ஷாப் இன்ஸ்பெக்டர் பிசிறு. நல்லவேளை, அவர் எங்களிடம் மட்டும் வேலை பார்த்தார்.

தகடு வெட்டும்போது ஓரத்தில் நிற்கும் மயிரிழைப் பிசிறை விரல் நுனியாலேயே கண்டுபிடித்து லைனை நிறுத்திவிடுவார். ஒருமுறை கைகொடுக்க வந்த பெரிய அதிகாரியின் மோதிரத்தைத் தடவி, "ஓரம் தேய்க்கணும் சார்" என்றார். வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் மனைவிக்கு அல்சைமர். சாயங்காலமானால் அந்தம்மா "எங்க வூட்டுக்குப் போறேன்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பிவிடுவார். ஒருநாள் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தார். பிசிறுக்கு இனி பகல் ஷிஃப்ட் மட்டும் வேண்டும். வாரத்துக்கு வாரம் மாறும் சுற்று ஷிஃப்டிலிருந்து யாருக்கும் விலக்கில்லை என்று விதி எழுதியவனோ மேலாளரான நான்.

"எழுத்துல குடுய்யா, பாக்கலாம்" என்றேன். அப்படிச் சொன்னால் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்.

பிசிறு மறுநாளே வந்தார். கையில் விண்ணப்பம் இல்லை. பாகம் பழுதானால் நாங்கள் நிரப்பும் கோளாறு அறிக்கை இருந்தது. பாகம்: மூளை செல்லின் புரதம். கோளாறு: இடம் மாறிய வெட்டு.

"என்னய்யா இது?"

"டாக்டரம்மா சொன்னாங்க சார். செல்லு மேல ஒரு புரோட்டீன் நிக்குதாம். அத்த ஒடம்பு தானா வெட்டிக்கினே இருக்குமாம். சரியான எடத்துல வெட்டுனா தொல்லயில்ல. எடம் மாறுனா பிசுபிசுன்னு துண்டு வுழுது. அள்ற வேலயும் சரியா நடக்கல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கட்டியாயிடுது. நம்ம பிரஸ்ஸுக்கடியில ஸ்கிராப் அள்ளலன்னா இன்னா ஆவும்?"

மூல காரணம் என்ற கட்டத்தில், 'இதுதானா என்று டாக்டர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை' என்று எழுதியிருந்தார். எங்கள் பொறியாளர் எவரும் அந்தக் கட்டத்தை இவ்வளவு நேர்மையாக நிரப்பியதில்லை. நிரந்தரத் தீர்வு: இல்லை. தற்காலிகத் தீர்வு: சாயங்காலம் புருஷன் வீட்டில் இருப்பது.

"எல்லாக் கட்டமும் ரொப்பிட்டேன். ரிஜெக்ட் பண்ண வழி கீதா பாருங்க சார்."

சிவப்புப் பேனாவோடு தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கோளாறு அறிக்கைக்கு மூன்று மாதத் தற்காலிக விலக்கு தரலாம் என்ற விதியும் நான் எழுதியதுதான். பாகங்களுக்காக எழுதியது, மனிதருக்குப் பொருந்தாது என்று எழுத மறந்திருந்தேன். கையெழுத்திட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தோம்.

நான் ஓய்வுபெற்ற அன்று அடுத்த புதுப்பிப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. முன்கூட்டிப் புதுப்பிப்பது விதிமீறல். நானே பிரஸ் ஷாப்புக்குப் போய், நின்றபடி கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

இப்போதும் மாலை ஐந்தரை ஆனால், கம்பெனி பஸ் கிளம்பியிருக்கும், பிசிறுக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.